ஓட்டை இல்லாத ஜாடியும் வெள்ளை நரம்புச் செடியும்

பூக்காத, காய்க்காத செடியை விற்பது என்பது, அது ஏன் பிறந்தது என்று வருவோர் ஒவ்வொருவருக்கும் விளக்கம் சொல்லும் தொழில். அழகுச் செடி வளர்த்து அவதிப்பட்டவர்கள் இதை உடனே ஒப்புக்கொள்வார்கள். தாவரவியலில் பட்டம் பெற்று, மணமாகி, அறுபதுகளின் இறுதியில் விருத்தாசலம் வந்த நான், வீட்டுப் பின்புறம் கீற்றுப் பந்தல் போட்டு இத்தொழிலைத் தொடங்கினேன்.

சேம்பு

என் செடிகளுள் அரியது ஒன்று இருந்தது. அம்பு முனை போன்ற கரும்பச்சை இலை. அதில் சுண்ணாம்பால் கோடு இழுத்தாற்போல் வெள்ளை நரம்புகள். பிலிப்பைன்ஸ் தீவுகளைச் சேர்ந்த, சேம்பின் தூரத்து உறவு. ஏற்காட்டில் ஒரு தோட்டக்காரரிடம் கெஞ்சி வாங்கியது. அவரும் காலமாகிவிட்டார்; என் செடி செத்தால் வேறு செடிக்கு வழியில்லை.

நல்லூரிலிருந்து வந்த ஓர் அம்மாள் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பூக்காது என்றேன். கிழங்கு விஷம், வாயில் வைத்தால் தொண்டை வீங்கும் என்றேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

“புளி ஊத்தி வேக வெச்சா அரிக்காதும்மா. இவ்ளோ படிச்சிருக்கீங்க, இது தெரியலியா?”

பொருட்காட்சி

பீங்கான் சூளை வைத்திருந்த அண்டைவீட்டு ராஜமாணிக்கம், பொருட்காட்சியில் தம் மேசைக்கு அழகாக இருக்கும் என்று அச்செடியை இரவல் கேட்டார். மண்தொட்டியோடு கொடுத்தேன். பீங்கான் ஊரில் மண்தொட்டியா என்று மனம் பொறுக்காத அவர், செடியைப் பிடுங்கித் தம் சூளையின் ஊறுகாய் ஜாடியில் நட்டுவிட்டார். போவோர் வருவோரெல்லாம் தண்ணீர் ஊற்றினர். திரும்பி வந்தபோது ஒற்றை இலை மஞ்சளாய்த் தொங்கியது. வேர் அழுகி நாறியது. நான் கத்தியதும் அவர் உண்மையிலேயே திகைத்தார்.

“ஜாடியில என்னங்க கொறை? ஒரு சொட்டு ஒழுவலியே!”

தரம் பார்த்தல்

அழுகியதை அறுத்தெறிந்து, எஞ்சிய கிழங்கை ஈர மணலில் வைத்தேன். ஒரு முளை எட்டிப் பார்த்தது. பரிகாரமாக, அடியில் ஓட்டை வைத்த ஜாடிகளைச் சுட்டுத் தர ராஜமாணிக்கம் ஒப்புக்கொண்டார். எடுக்கப் போனால், சூளை வாசலில் சில்லுக் குவியல்தான் கிடந்தது. வெந்து வந்த ஜாடிகளைத் தட்டிப் பார்த்து, பழுதானவற்றை உடைத்துப் போடுவது அங்கே அஞ்சலையின் வேலை. அவளிடம் சொல்லிவைக்க முதலாளி மறந்திருந்தார். அவளோ என் பக்கம் திரும்பவேயில்லை, அவரைத்தான் எச்சரித்தாள்.

“எல்லாத்துலயும் ஒரே எடத்துல ஓட்டைங்க. எவனோ வேணும்னே பண்ணியிருக்கான், அவன வுடாதீங்க!”

குழாய்

முளை அடுத்த சூளை வேகும்வரை காத்திராது. சூளை முற்றத்தில் வாய் உடைந்த பீங்கான் சாக்கடைக் குழாய்த் துண்டு ஒன்று கிடந்தது. கருஞ்சிவப்பு, நல்ல மினுமினுப்பு, இருபுறமும் திறப்பு. வீட்டுக்குத் தூக்கிவந்து நிறுத்தி, அஞ்சலை உடைத்த சில்லுகளையே அடியில் பரப்பி, இலைமக்கு இட்டுக் கிழங்கை நட்டேன். ஊற்றிய நீர் மறுநொடியே வெளியேறியது. மழைக்காலம் முடியுமுன் வெள்ளை நரம்போடு ஓர் இலை விரிந்தது. மறுவருடம் பக்கக் கன்றுகளும் வந்தன.

புது வீட்டுக்கு அழகுச் செடி தேடி மங்கலம்பேட்டை வணிகர் ஒருவர் வந்தார். தாய்ச்செடியின் முன்னால் வெகுநேரம் நின்றார். கடைசியில் ஒருவர் கண் திறந்தது என்று கன்று ஒன்றை எடுத்து நீட்டினேன்.

“செடிய நீங்களே வெச்சுக்குங்கம்மா. அந்தப் பூந்தொட்டி எங்க கெடைக்கும், அதச் சொல்லுங்க.”

செடி பிழைத்துவிட்டது. பல்கலைக்கழகம் தந்த பட்டத்தை இவ்வூரில் எவரும் விசாரித்ததில்லை என்றாலும், ஊர் தந்த ‘கொழாய்க்காரம்மா’ என்ற பட்டம் தபால்காரர் வரைக்கும் செல்லுபடியாகிறது.