நல்ல தண்ணீர் படாத சாரம்

போர் முடிந்து மூன்றாவது தவக்காலத்தில் கற்பிட்டிப் பக்கத்து எங்கள் கோயில் இளைஞர்கள் ஆண்டவரின் பாடுகளைச் சொல்லும் பாஸ்கு நாடகம் போட்டார்கள். உடுப்பு வேலை என் பொறுப்பு. ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரை அட்டை மீன்பெட்டிகளை வெட்டி உரோமைச் சேவகரின் மார்க்கவசம் செய்தேன். வெள்ளி வர்ணம் பூசியும் மீன் மணம் போகவில்லை.

செத்து நாலாம் நாள் ஆண்டவர் கூப்பிடக் கல்லறையிலிருந்து எழுந்து வருகிறவனின் பிணத்துணிதான் கடினம். வீடுவீடாகப் பழைய வெள்ளைத் துணி வாங்கி, பட்டிகளாகக் கிழித்து, ஒரு நீள அங்கியில் சுற்றுச்சுற்றாகத் தைத்தேன். மற்றப் பையன்கள் கடற்தொழிலுக்குப் போய்விட்டதால் அந்த வேடம் ஒரு பெண்பிள்ளைக்கு வந்தது.

"பிணத்துக்குப் பின்னல் இருக்குமோ, அண்ண?" என்று சேவகர்கள் சிரித்தார்கள்.

"மீன்பெட்டிக்கு மீசை இருக்கலாமெண்டா இதுக்கும் இருக்கும்" என்றாள் அவள்.

அவளுடைய தாய் கொண்டுவந்தது கணவர் இடுப்பில் கட்டிய வெள்ளைச் சாரம். அவர் முந்திய வருசம் தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று அடிக்கும் காலத்தில் கடலுக்குப் போனவர். வள்ளம் மட்டும் கரையொதுங்கியது. எங்கள் கரையில், அப்படிப் போனவரின் துணியை உப்பில்லாத நல்ல தண்ணீரில் நனைக்க மாட்டார்கள். நனைத்தால் அவர் செத்துவிட்டார் என்று வீட்டார் ஒப்புக்கொண்டதாகும். அவள் அதைக் கடல் நீரிலேயே அலசி வைத்திருந்தாள்.

"அவரும் வருசாவருசம் நாடகத்தில நிண்டவர்தானே. மகள் உடுக்கட்டும். கிணத்துத் தண்ணி மட்டும் காட்டிப்போடாதீங்க, அண்ண."

ஒத்திகை மாலையில்தான் நடக்கும். பொழுது சாய்ந்ததும் அங்கியில் அந்தச் சாரத்துப் பட்டிகள் மட்டும் கறுத்துவரும். இடது தோள், இரண்டு முழங்கைகள், நெஞ்சின் குறுக்கே ஒன்று. மற்றவை காய்ந்தே இருக்கும். நெஞ்சில் குளிர்கிறது என்பாள் பிள்ளை. சேவகர்கள் பகிடியை நிறுத்திவிட்டார்கள். உப்பேறிய துணி மாலைக் காற்றில் ஈரத்தை இழுக்கும் என்று அவர்களுக்கு விளக்கினேன். தாய் என் விளக்கத்தைக் கேட்கவில்லை. ஒவ்வொரு மாலையும் வந்து பட்டியைத் தொட்டுப் பார்த்து, "ஈரம் இருக்கு. இருக்கிறார்" என்று சொல்லிவிட்டுப் போவாள்.

நாடகம் குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்திய சனிக்கிழமை மாலை. கல்லறை திறந்தது. பிள்ளை வெளியே வந்தாள். அங்கி முழுவதும் ஒரே வெள்ளை.

திரை விழுந்ததும் தாய் மேடைக்குப் பின்னால் வந்தாள். தோளைத் தொட்டாள், முழங்கையைத் தொட்டாள், நெஞ்சிலே உள்ளங்கையை வைத்து அழுத்தினாள்.

"காஞ்சுபோச்சு, அண்ண."

நான் வாய் திறக்குமுன், மலையகத்திலிருந்து புதிதாக வந்திருந்த கன்னியாஸ்திரி முன்னால் வந்தார். எங்கள் வழக்கம் அவருக்குத் தெரியாது.

"நான்தாங்க அலசினேன். உடுப்பு அறையில தண்ணி சொட்டிக்கிட்டு இருந்திச்சு. யாரோ கடல்ல போட்டுட்டாங்கன்னு நெனச்சுக் கிணத்தடிக்குக் கொண்டுபோனேன்."

"எப்ப, சிஸ்டர்?"

"இன்னைக்கு மத்தியானம்."

அந்த அறைக்குத் தகரக் கூரை. பங்குனி வெயிலில், மத்தியானம், அங்கே தொங்கும் துணி அப்பளமாகக் காயும். உப்பு விளக்கம் மாலைக்குச் சரி, மத்தியானத்துக்குச் சரியில்லை. நான் அறைக்குள் போய்ப் பார்த்தேன். அங்கி தொங்கிய இடத்துக்கு நேர் கீழே, சீமெந்துத் தரையில், உப்புப் பூத்து ஒரு வெள்ளை வட்டம். மற்ற உடுப்புகளின் கீழே ஒன்றுமில்லை.

திரும்பி வந்தபோது சிஸ்டர் அழுதுகொண்டிருந்தார். தாய் அவரைத் தேற்றினாள்.

"அழாதீங்க, சிஸ்டர். நானெண்டா தண்ணி காட்டியிருக்க மாட்டன். அது தெரிஞ்சுதான் உங்களிட்ட வந்திருக்கிறார்."

மகளின் உடலிலிருந்து அங்கியை அவளே கழற்றி மடித்தாள். பிறகு என்னிடம் திரும்பினாள்.

"கோயில் சுவாமியிட்ட அவருக்குத் திங்கட்கிழமை ஆத்துமப் பூசை கேக்கப்போறன், அண்ண. அதுக்கு முதல் எனக்கொரு கறுப்புச் சட்டை தைக்கவேணும்."

அளவு நாடா என் கழுத்தில்தான் கிடந்தது. அவள் கைகளைச் சற்று விரித்து நின்றாள். தோளிலிருந்து அளக்கத் தொடங்கினேன்.