ஜமீலா அக்கா மாற்றிய விசைகள்

செய்தி வந்தபோது பினாங்கின் பாயான் லெப்பாஸில், இப்போதைய வேலையில் இருந்தேன். அக்கா மௌத்தாகிவிட்டார், நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று அவருடைய தங்கை எழுதியிருந்தார். நெரிசலைக் கடந்து ஜெலுத்தோங் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது, ஆண்கள் மையவாடியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

ஜார்ஜ்டவுனில் எங்கள் சிறிய மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் வேலை செய்த உங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். பழைய தமிழ்ப் பத்திரங்களை மலாயில் பெயர்க்க அவரை விட்டால் ஆளில்லை. நரம்பு நோய் முதலில் அவருடைய வலக்கையை முடக்கியது. அக்கா தம் லினக்ஸ் கணினியில் சேமிக்க, ஒட்ட, சாளரம் மாற்ற என்று ஒவ்வொரு குறுக்குவிசையையும் இடக்கைக்கு எட்டும் இடத்தில் வைத்துக்கொண்டார். எந்த விரலுக்கு எது வலிக்காது என்று பார்த்துப் பார்த்துச் செய்ததில் பல மாதங்கள் போயின. "டாக்டர் மாத்த முடியாததை விட்டுடுவோம் தம்பி. இதை நான் மாத்திக்கலாம்லா" என்றார்.

பிறகு அவர் வீட்டிலிருந்தே அலுவலகக் கணினியோடு இணைந்து வேலை பார்த்தார். கணினிகள் என் பொறுப்பு. ஒருநாள் பாதுகாப்புக்காக, வெளி இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலை அலுவலகத்தில் இயக்கினேன். அலுவலகத்துக்குள்ளிருந்து வரும் இணைப்புகளை மட்டும் அனுமதித்தேன். அக்காவின் வீட்டு இணைப்பைச் சேர்க்க மறந்துவிட்டேன்.

மறுநாள் காலை, இணைப்பு கிடைக்கவில்லை என்று அழைத்தார். திரையில் இருந்ததைப் படித்துக் காட்டத் தொடங்கினார். நான் கேட்கவில்லை. விசைகளைக் கண்டபடி மாற்றியதால் வந்த கோளாறு, எல்லாவற்றையும் பழையபடி ஆக்குங்கள் என்றேன். படிப்பதை நிறுத்தினார். பிறகு, "சரி தம்பி" என்றார். ஒரே சொடுக்கில் அத்தனையும் அழிந்தன. இணைப்பு வரவில்லை.

மூன்றாம் நாள்தான் ஃபயர்வாலைப் பார்த்தேன். ஒரு வரி சேர்த்ததும் சரியாகிவிட்டது. விசைகளை நானே வந்து அமைத்துத் தருகிறேன் என்றேன். நோய் சில காலமாகவே இடக்கைக்கும் பரவிக்கொண்டிருந்தது; பழைய அமைப்பு பழகிப்போயிருந்ததால்தான் அதுவரை சமாளித்தார். எந்த விரல் எங்கே எட்டும் என்று தமக்கே தெரியவில்லை என்றார். சில வாரங்களில் வேலையை விட்டார்.

தவறு என்னுடையது என்று சொல்ல ஒருநாள் அவர் வீட்டுக்குப் போனேன்.

"தெரியும் தம்பி. ஆபீஸ் மெஷின் பதில் தரலைன்னு திரையில போட்டிருந்துச்சு. அதைத்தான் படிச்சேன்."

பிறகு ஏன் அழித்தீர்கள் என்று கேட்டேன்.

"நீங்க சொன்னீங்க. உங்களை நம்பித்தானே வேலை பார்த்தேன்."

அடக்கத்தன்று எங்கள் பழைய மேலாளரும் வந்திருந்தார். "பாவம், ஏதேதோ மாத்தி கம்ப்யூட்டரைக் கெடுத்துக்கிட்டாங்க" என்றார். அலுவலகம் முழுவதும் அப்படித்தான் நம்பியது. அக்கா ஒருமுறைகூட மறுத்ததில்லை. அன்றும் நான் வாய் திறக்கவில்லை.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது, எனக்காக அவர் சொல்லாமல் விட்டதுதான். அதை இனியும் வைத்துக்கொள்ள எனக்கு உரிமையில்லை. ஜமீலா அக்கா எதையும் கெடுக்கவில்லை. கெடுத்தவன் நான்.