மாமா தேர்ந்தெடுத்த குண்டு எழுத்து

எங்கள் மாமாவுக்கு எதுவும் தூரத்திலிருந்தே தெரிய வேண்டும். சட்டை, மோட்டார் சைக்கிள், பாசம் எல்லாமே. நான் ஏழாம் வகுப்பு படித்தபோது எனக்கு மஞ்சள் நீராட்டு விழா என்று முடிவானதும், தாய்மாமன் சீரோடு கதிர்காமம் முனையில் இருபதடி பேனரும் வைப்பேன் என்று அறிவித்துவிட்டார். எங்கள் பள்ளிப் பேருந்து நிற்கிற முனை அது. என் வகுப்புப் பையன்களில் பாதிப் பேர் அங்கேதான் ஏறுவார்கள்.

வேண்டாம் என்று அம்மாவிடம் அழுதேன். "ஊர்ல எல்லாரும் வெக்கிறாங்க, உனக்கு மட்டும் என்னாடி வந்துச்சி?" என்றாள். அப்பா செய்தித்தாளுக்குள் போய்விட்டார்.

பேனரை வடிவமைத்தவர் அத்தை, மாமாவின் மனைவி. வீட்டு முன்னறையில் ஒரே ஒரு கம்ப்யூட்டரை வைத்து டி.டி.பி. சென்டர் நடத்திவந்தார். மாமா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நாற்பது ஐம்பது எழுத்து வகைகளைத் தள்ளிவிட்டு ஒன்றில் நின்றார். தடித்து, முனையெல்லாம் உருண்டு, வலப்பக்கம் சாய்ந்து, பந்திக்கு முந்துகிற ஆள்போல இருந்தது அது. "இதான். பஸ்ல போறவன்கூட படிக்கணும்." அந்த எழுத்தில் என் பெயர் திரையை அடைத்துக்கொண்டு நின்றது.

"அத்த, வேணாம் அத்த," என்றேன் மெதுவாக. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சி.டி.யில் ஏற்றி மாமாவிடம் கொடுத்துவிட்டார். கல்நெஞ்சக்காரி என்று மனசுக்குள் திட்டினேன். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. புயலாவது வரட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

விழாவுக்கு முதல் நாள் மாலை பேனர் வந்தது. கூடத்தில் விரித்தார்கள். நடுவில் பட்டுப்பாவாடையில் நான். சுற்றிலும் தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை. ஆங்கில எழுத்தும் புள்ளியும் கொக்கியுமாக, கீபோர்டின்மேல் யாரோ உட்கார்ந்து எழுந்ததுபோல இருந்தது.

அத்தை குனிந்து பார்த்தார். "இந்த எழுத்து பேனர் அடிச்சவங்க கம்ப்யூட்டர்ல இல்ல போல. நான் எழுத்தப் படமா மாத்திக் குடுத்துருக்கணும். மறந்துட்டேன்." முகூர்த்த நெருக்கடியில் அச்சடித்தவர்களும் படித்துப் பார்க்கவில்லை.

மாமா ஆடித் தீர்த்துவிட்டார். "ஒரு வேலய உருப்படியா செய்யத் துப்பில்ல" என்று சொந்தக்காரர்கள் எல்லார் முன்னாலும் கத்தினார். அத்தை தலைகுனிந்து நின்றார். படம் நன்றாகத்தானே இருக்கிறது, அப்படியே கட்டலாம் என்றார் பெரியப்பா. "எம்பேரே இல்லாத பேனர எதுக்குக் கட்டணும்?" என்று மாமா அதைச் சுருட்டிப் பரணில் போட்டார். அப்பாடா, எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அதற்குப் பிறகு அத்தையின் மறதி எங்கள் வீட்டில் நிரந்தரக் கேலியாகிவிட்டது. நானும்தான் சிரித்தேன்.

பன்னிரண்டாம் வகுப்பு விடுமுறையில் அத்தையிடம் வேலை பழகப் போனேன். விசிட்டிங் கார்டாக இருந்தாலும் எழுத்தைப் படமாக மாற்றாமல் ஒரு ஃபைலையும் அவர் வெளியே விடமாட்டார். "இத்தினி வருஷத்துல ஒண்ணுகூட தப்பாகி வந்ததில்ல," என்றார்.

"என்னுது தப்பா வந்துச்சே அத்த."

மவுசிலிருந்து கையை எடுக்காமலே சொன்னார்: "எனக்குச் சடங்கு செஞ்சப்போ எங்கப்பா தெருவுக்குத் தெரு மைக்செட் கட்டி எம்பேரச் சொல்ல வெச்சாரு. ஒரு மாசம் நான் இஸ்கூலுக்கே போவல."

அன்று பேனர் பரணுக்குப் போன பிறகும் கூடத்தில் அவர் எனக்காகத் திட்டு வாங்கிக்கொண்டிருந்தபோது, நான் அடுப்படியில் ஐந்தாவது இட்லிக்குச் சட்னி கேட்டுக்கொண்டிருந்தேன்.