ஏரிக்கரை மாப்பிள்ளை

சோலையப்பனுக்குக் கனகாவைப் பெண் கேட்டுப் போனபோதே, அவள் அம்மா ராக்கம்மா தீர்த்துச் சொல்லிவிட்டார்: "பாலைவன வெயில்ல வேகுறவனுக்கு எம்புள்ளயக் குடுக்க மாட்டேன்." அதே வாய்தான் பிறகு சம்மதமும் சொன்னது. எல்லாம் ஒரு போட்டோ செய்த வேலை.

2006. கல்ஃபில், ஜெபல் அலியில் நானும் சோலையப்பனும் வேலை பார்த்த கம்பெனி வேர்ஹவுஸுக்கு, ஏதோ புது ஹோட்டலுக்காக ஒரு ஓவியம் வந்திறங்கியது. இருநூறு வருடத்துக்கு முன் ஐரோப்பாவில் யாரோ தீட்டியதன் நகலாம். சுவர் அகலம். பனி மூடிய மலைகள், நடுவே ஏரி, மேகத்தைப் பிளந்து இறங்கும் வெளிச்சம், கரையில் விரல் அளவுக்கு ஒரு மனிதன். பெட்டியைப் பிரித்ததும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. யல்லா யல்லா என்று விரட்டுகிற போர்மேன்கூட வாயடைத்து நின்றார்.

கல்ஃப்காரன் சும்மா இருப்பானா? அடுத்தவன் காரில் சாய்ந்து போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பாதவன் எங்களில் யார்? சோலையப்பன் தண்ணீர் தொட்டுத் தலைவாரிக்கொண்டு ஏரியின் முன்னால் நின்றான். ஓவியத்தின் மரச்சட்டம் தெரியாதபடி நான் எடுத்தேன்.

அது தரகர் கைக்குப் போனது. ராக்கம்மா பார்த்துவிட்டுத் தட்டு மாற்றிக்கொண்டார். மாப்பிள்ளை ஏரிக்கரையில் வேலை பார்ப்பதாகவே அவர் நம்பிய விஷயம், லீவு முடிந்து ஊரிலிருந்து வந்த எங்கள் ரூம் ரெங்கராஜ் ஒரு பொட்டலத்தை நீட்டும்வரை எங்களுக்குத் தெரியாது. உள்ளே கம்பளி மங்கி குல்லா.

"ஏரிக்காத்து காதுல அடைக்குமாம். ஒன் மாமியா குடுத்து விட்டாங்கடா."

ஜூலை மாதம். ரூமே உருண்டு சிரித்தது. சோலையப்பன் முகம் மட்டும் செத்துவிட்டது.

"கனகாட்ட உண்மையச் சொல்லப் போறேன்."

"ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம்டா. நீ ஒண்ணுகூடச் சொல்லல. சும்மா கெட," என்றேன்.

"கல்யாணம் நின்னாலும் பரவால்ல. நாளைக்கு அவ மூஞ்சியில எப்படி முழிக்கிறது?"

பாவிப்பயல், கேட்கவில்லை. போன் கார்டைச் சுரண்டினான். ஸ்பீக்கரைப் போட வைத்து நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

"கனகா, அது ஏரி இல்ல, படம். நான் வெயில்லதான் லோடு எறக்குறேன்."

 

"பாத்தன்னைக்கே தெரியும்," என்றாள் கனகா. "கரையில ஒருத்தன் வெரல் தண்டி நிக்கிறான். நீங்க மலை ஒசரம் நிக்கிறீங்க. சட்டையெல்லாம் வேர்வை வேற."

"பெறகு ஏன் சரின்ன?"

"நான் மட்டும் இங்க நெழல்லயா களை எடுக்குறேன்? அம்மாவ நான் பாத்துக்கிறேன். ஒருநா அந்தப் படத்துக்கு முன்னால என்னையும் கூட்டிட்டுப் போயி நிப்பாட்டுங்க."

ரூம் போட்ட கூச்சலில் பக்கத்து ரூம்காரர்கள் ஓடிவந்தார்கள். சோலையப்பன் மங்கி குல்லாவை மாட்டிக்கொண்டு வாசலில் நட்டநடு வெயிலில் போய் நின்றான்.

"கழட்டுடா, மண்டை வெந்துரும்," என்றேன்.

"குளிருதுடா," என்றான்.