ஐந்து லாச்சிப் பாசி

குளிர் நாட்டுச் சதுப்புகளில் வளரும் பாசியில் எத்தனையோ இனங்கள் இருந்தாலும், அவற்றில் பெரும்பாலானவற்றை நான்கு குடும்பங்களுக்குள் அடக்கிவிடலாம் என்பது எனக்கு ஒன்பது வயதிலேயே தெரியும். அப்போது வாய்ப்பாடு ஏழுக்கு மேல் தெரியாது.

இதற்குக் காரணம் என் தாய்மாமா. அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பெரிய துரையின் பங்களாவில் அவர் வேலை செய்தார். துரை ஸ்கொட்லாந்தின் வடகோடியில் பிறந்தவர். மற்றத் துரைமார் ஞாயிற்றுக்கிழமைகளில் டெனிஸ் ஆடினார்கள். இவர் பாசி பார்த்தார். நோர்வே, பின்லாந்து, கனடா என்று பல இடங்களிலிருந்தும் அதே கிறுக்குப் பிடித்தவர்கள் காய்ந்த பாசியைத் தபாலில் அனுப்பினார்கள். அதைக் காகிதப் பொட்டலமாக மடித்து, ஐந்து லாச்சிகள், அதாவது இழுப்பறைகள், உள்ள ஓர் அலுமாரியில் அடுக்க வேண்டும். மடித்ததும் அடுக்கியதும் மாமா. துரை பூதக்கண்ணாடி பிடித்தார். துரைக்குக் கண் மங்க மங்க, பூதக்கண்ணாடியும் மாமாவின் கைக்கு வந்துவிட்டது.

லத்தீன் பெயர்கள் பொட்டலத்தின் மேல் இருந்தன. மாமா தன் வசதிக்கு வேறு பெயர் வைத்திருந்தார். இலை படகைப் போலக் குழிந்து நுனி மூடியிருந்தால் தொப்பிக்காரர். இலை வெளிப்பக்கமாக வளைந்து நின்றால் சிலுப்பி. மெலிந்து நீண்டு தண்ணீருக்குள்ளேயே கிடப்பவர் நீச்சல்காரர். சிறியதாக, அநேகமாகச் சிவப்பாக, சதுப்பின் மேட்டில் எங்கள் லயத்து வரிசை வீடுகளைப் போல ஒருவரையொருவர் நெருக்கிக்கொண்டு நிற்பவர் லயத்துக்காரர். ஐந்தாவது லாச்சி எந்தக் குடும்பத்திலும் சேராதவர்களுக்கு.

சுவரில் ஒரு படம் தொங்கியது. வட துருவம் நடுவில், நாடுகள் அதைச் சுற்றி. எந்தப் பாசி எங்கே வளர்கிறது என்று நிற நிறமாகக் குண்டூசி குத்தியிருந்தார்கள். சில பாசிகள் துருவத்தைச் சுற்றி மாலை போட்டது போல எல்லா நாட்டிலும் இருந்தன. சில, மேற்குக் கடலோரத்தின் மழையை விட்டு நகரவே இல்லை. சில, மண் உருகாத வடக்கில் மட்டும். எங்கள் நாட்டைத் தேடினேன். படம் நம்மிடம் வருவதற்கு முன்பே முடிந்துவிட்டது. மலை உச்சிச் சதுப்பில் இங்கேயும் கொஞ்சம் அந்தப் பாசி உண்டு; அதற்காகத் துரை படத்துக்கு ஒரு சாண் கீழே, வெறும் சுவரில் ஓர் ஊசி குத்தியிருந்தார்.

தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது துரை ஊருக்குப் புறப்பட்டார். பாசிக்குப் பெட்டியில் இடமில்லை, பிறகு ஆள் அனுப்பி எடுத்துக்கொள்கிறேன் என்று மாமாவிடம் சொல்லிவிட்டுப் போனார். எழுத்தில் எதுவும் கொடுக்கவில்லை. எழுத்தில் இல்லாதது இல்லவே இல்லை என்பது அரசாங்க உத்தியோகத்தில் சேர்ந்த முதல் வாரமே எனக்குப் புரிந்தது. துரைக்கு அது கடைசிவரை புரிந்திருக்காது.

பங்களாப் பொருட்களைப் பட்டியல் எடுக்கப் பெரிய கிளாக்கர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், நேர்மையானவர், கிழிந்த திரைச்சீலையையும் விடாமல் எழுதுபவர். மாமா தபால் எடுக்கப் போயிருந்தார். லாச்சிகளின் சாவி அவரிடம். பள்ளி விடுமுறை என்பதால் நான் அங்கே இருந்தேன்.

"பிள்ளை, இந்த லாச்சிகளுக்குள்ள என்ன கிடக்கு?"

"பாசிங்க ஐயா."

"எங்கத்தையப் பாசி?"

"எல்லா நாட்டுதும் இருக்குங்க. செவப்பு, பச்ச, மஞ்சன்னு நெறைய கலர்ல."

கிளாக்கர் இருபது வருடமாக மலையில் இருப்பவர். எங்கள் பேச்சு தனக்கு அத்துப்படி என்பதில் அவருக்குப் பெருமை உண்டு. எங்கள் பெண்கள் கழுத்தில் போடும் கண்ணாடி மணிக்கும் பாசி என்றுதான் பெயர். "இஞ்சத்தைச் சனம் மணியைத்தான் பாசி எண்டு சொல்லுறவை" என்று கூட வந்த இளம் கிளாக்கருக்கு விளக்கிவிட்டு, வெளிநாட்டு மணிகள், பல நிறம், ஐந்து லாச்சி என்று ஆங்கிலத்தில் எழுதினார். எங்கள் பேச்சு தெரியாத ஒருவராக இருந்திருந்தால் சரியாக எழுதியிருப்பார்.

அடுத்த மாதம் கொழும்பிலிருந்து இரண்டு அதிகாரிகள் வந்து பட்டியல்படி பொருட்களைப் பொறுப்பேற்றார்கள். லாச்சிகளைத் திறந்தார்கள். பொட்டலத்துக்குள் வைக்கோல் போல ஏதோ இருந்தது. மணிகள் எங்கே என்று கேட்டார்கள். சாவி வைத்திருந்தவர் ஒருவர்தான்.

மாமாவிடம் சாவியை வாங்கிக்கொண்டு, வேலைக்கு வரவேண்டாம் என்றார்கள். திங்கட்கிழமை விசாரணை, திருப்தியில்லை என்றால் பொலிஸ். வேலை போனால் பங்களாவுக்குப் பின்னால் நாங்கள் இருந்த வீடும் போகும். காவல்காரர் வேலிக்கு வெளியே நின்று, "என்னா மச்சான், அஞ்சு லாச்சி மணியையும் எந்தக் கழுத்துல மாட்டுன?" என்று கேட்டுவிட்டுப் போனார். அத்தைக்கு அது சுருக்கென்றது.

"என் கழுத்துல ஒன்னும் ஏறல" என்றாள் மாமாவிடம். "அப்ப யாரு கழுத்துல ஏறுச்சு?"

"பாசின்னா பாசிதான். தண்ணிப் பாசி."

"அந்தக் குப்பையவா பூட்டி வச்சிருந்தீங்க?"



திங்கட்கிழமை பங்களா வராந்தாவில் விசாரணை. மாமா ஒரு பேசினில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். ஒரு பொட்டலத்தைப் பிரித்து, காய்ந்த கொத்தைத் தண்ணீரில் போட்டார். அது உறிஞ்சி, ஊதி, தலை நிமிர்ந்து, சிவந்தது. இது மேட்டில் நிற்பது, பின்லாந்திலிருந்து வந்தது என்றார், சிங்களத்தில். இன்னொன்றைப் போட்டார். இது குழிக்குள் கிடப்பது, கனடாவிலும் இதேதான். லத்தீன் பெயரையும் சொன்னார். மூத்த அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். ஒரு கொத்தை எடுத்துப் பிழிந்தார், மறுபடி தண்ணீரில் விட்டார். மாமா திருடவில்லை என்பது அந்த நிமிடத்திலேயே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

ஆனால் பட்டியலில் மணி என்று இருந்தது. மூத்த அதிகாரி வழிகளை விளக்கினார். மணி காணவில்லை என்று எழுதினால் பொலிஸ். மணியே இருந்ததில்லை என்று எழுதினால், பட்டியல் ஏன் அப்படிச் சொல்கிறது என்று விசாரிக்க வேண்டும். அதற்கு முதலில் அந்தச் சொல்லைச் சொன்ன பிள்ளையின் வாக்குமூலம் பொலிசில் பதிவாக வேண்டும். அல்லது லாச்சியில் இருப்பதைப் பாவனைக்கு உதவாதது என்று ஒரே வரியில் கழித்து, இன்றே எல்லோர் முன்னாலும் எரித்துவிடலாம்.

நான்காவது வழி ஒன்றும் உண்டு. பிழையான பதிவைச் சிவப்பு மையால் வெட்டி, சரியானதை மேலே எழுதி, இருவர் கையொப்பம் வைப்பது. ஐந்து நிமிட வேலை. என் உத்தியோக காலத்தில் நூறு தடவை செய்திருப்பேன். அன்று அந்த வராந்தாவில் அது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. கிளாக்கர் பேனையை மூடுவதும் திறப்பதுமாக இருந்தார்.

"பிள்ளையை ஜீப்பில ஏத்திக்கொண்டு போய் எழுதி எடுத்தால் பின்னேரம் கொண்டுவந்து விடலாமாம்" என்று அவர் மாமாவிடம் தமிழில் சொன்னார்.

நான் அதுவரை ஜீப்பில் ஏறியதில்லை. வீட்டுக்கு ஓடிப்போய் கோயில் திருவிழாவுக்குத் தைத்த சட்டையை மாட்டி, தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு வந்தேன். நான் வரும்போது மாமா முதல் லாச்சியை வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்.

"எழுதிருங்க ஐயா" என்றார் கிளாக்கரிடம். "புல்லுதான்."

காய்ந்த பாசி சட்டென்று பற்றிக்கொள்ளும். ஐந்து லாச்சியும் எரிந்து முடிய ஒரு தேத்தண்ணீர் குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. மாமா தாளில் ஆங்கிலத்தில் கையொப்பம் வைத்தார். சாவியையும் வேலையையும் திருப்பிக் கொடுத்தார்கள். காலி அலுமாரி பாவனைக்கு உதவும் என்று பட்டியலில் ஏறியது. ஜீப் என்னை ஏற்றாமல் தலவாக்கலைப் பக்கம் போய்விட்டது.

மூன்று நாள் நான் மாமாவோடு பேசவில்லை. நாலாம் நாள் அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"என்னா புள்ள, என்னா கோவம்?"

"நீங்கதான் என்னைய ஜீப்புல போக விடல."

அவர் கொஞ்சம் யோசித்தார். "ஆமா. என் தப்புதான்" என்றார்.

பெரியவர் ஒருவர் தன் பிழையை என்னிடம் ஒத்துக்கொண்டது அதுவே முதல் தடவை. எனக்கு மிகவும் திருப்தியாக இருந்தது.