காலியாகக் காட்டிய வார்டு

இலவச வார்டு காலியாகக் கிடக்கிறது என்று ஒரு டாக்டரை நம்ப வைத்தேன். அது ஏன் காலியாக இருந்தது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன். அறுபதுகளில், செஞ்சியில் ஒரு சின்னத் தனியார் ஆஸ்பத்திரியில் நான் தலைமை எழுத்தராக இருந்தபோது நடந்தது.

ஆஸ்பத்திரியின் பின்பக்கம் ஓடு வேய்ந்த நீளமான கூடம் ஒன்று இருந்தது. காசு கொடுக்க முடியாத கிராமத்துக்காரர்கள் அங்கே தங்கி வைத்தியம் பார்த்துக்கொள்வார்கள். உத்தரத்தில் இரும்புக் கொக்கிகள் உண்டு. கைக்குழந்தையோடு வரும் பெண்கள் அவற்றில் புடவையைக் கட்டித் தூளி போடுவார்கள்.

பெரிய டாக்டர் இறந்தபின் அவர் மகன் சென்னையிலிருந்து வந்து பொறுப்பேற்றார். வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. பங்குனியில் ஒரு நாள் என்னையும் கம்பவுண்டரையும் கூப்பிட்டார்.

"அப்பா காலத்துலேர்ந்து உழைக்கிறீங்க. உங்களுக்கு ஏதாவது செய்யணும். பின்கூடத்துல நடுவுல சுவர் வெச்சா ரெண்டு வீடாகும். ஆனா வார்டு போயிடும். அங்க ஆளுங்க வந்துகிட்டிருந்தா அதுல கை வைக்க எனக்கு மனசில்ல. பார்த்துச் சொல்லுங்க."

அப்போது என் மனைவி முழுகாமல் இருந்தாள். ஒண்டுக் குடித்தனத்தில் ஒரே அறை, மூச்சு முட்டும் அடுப்புப் புகை. வெளியே வந்ததும் கம்பவுண்டர் என் தோளைத் தட்டினார்.

"இன்னா சார் யோசனை? மல்லாட்டை புடுங்க ஆரம்பிச்சிட்டானுங்க. நாளைக்கே இட்டுக்கினு போயி காட்டிடு. ஒரு ஈ காக்கா இருக்காது."

எங்கள் பக்கத்தில் நிலக்கடலைக்கு மல்லாட்டை என்று பெயர். அதைப் பிடுங்கும் வாரங்களில் காய்ச்சல் அடித்தாலும் வயலுக்குத்தான் போவார்கள். கூலி காயாகவே கிடைக்கும்; ஒரு நாள் விட்டால் வீட்டுக்கு வரும் காய் குறைந்துவிடும். நோயெல்லாம் அறுவடை முடியும்வரை காத்திருக்கும். வருஷா வருஷம் பதிவேட்டில் அந்த வாரங்கள் வெறுமையாக இருப்பதையும், அடுத்த வாரங்கள் நிரம்பி வழிவதையும் என் கையாலேயே எழுதியிருக்கிறேன்.

மறுநாள் மத்தியானம் டாக்டரை அழைத்துப் போனேன். கட்டில்கள் வெறுமனே கிடந்தன. ஜன்னல் வழியாக மலைப்பாறைகளின் அனல் உள்ளே வந்தது.

"எப்பவும் இப்படித்தானா?"

"இப்பல்லாம் இப்படித்தான் சார்," என்றேன். படித்தவன் என்பதால் என்னை நம்பினார். பதிவேட்டைக் கேட்கவில்லை.

சுவர் எழும்பும்போதே ஜனங்கள் வரத் தொடங்கினார்கள். பாயும் சட்டியுமாக வந்து, சுவரைப் பார்த்தபடி நின்றுவிட்டுத் திரும்பினார்கள். பின்பக்கமாகவே வந்து போனதால் டாக்டர் கண்ணில் படவில்லை. வைகாசியில் நாங்கள் குடிபோன பிறகும் வந்தார்கள். கதவுக்கு வெளியே யாரோ நிற்பது உள்ளே இருந்தே தெரியும். மனைவி கதவைத் திறக்கவே பயந்தாள்.

ஆவணியில் எங்களுக்கு மகன் பிறந்தான். ஐப்பசியில் மழை விடாமல் பெய்த ஒரு காலையில், சிங்கவரத்திலிருந்து ஒரு பெண் நனைந்துகொண்டு வந்தாள். தோளில் நாலு வயதுப் பெண்குழந்தை துவண்டு கிடந்தது.

"ரெண்டு நாளா வயித்தால போவுது ஐயா. படுக்க வெக்க எடம் குடுங்க."

"வார்டு இல்லம்மா. இது வூடு இப்போ."

அவள் என்னைத் தாண்டி உள்ளே பார்த்தாள். "அதோ தூளி தொங்குதே ஐயா."

"அது எம் புள்ளம்மா. டாக்டர் வெளியூரு போயிருக்காரு. பஸ் புடிச்சி திண்டிவனம் ஆஸ்பத்திரிக்கு போயிடு."

அவள் மழையில் இறங்கினாள். நான் கதவைச் சாத்தினேன். பஸ் வருவதற்குள், பஸ் ஸ்டாண்டிலேயே குழந்தை போய்விட்டதாக மத்தியானம் நர்ஸ் வந்து சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி எழுந்து போய்த் தூளியை அவிழ்த்தாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவள் தூளி கட்டவே இல்லை.

டாக்டர் ஊர் திரும்பியதும் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அன்னிக்கே சொல்லியிருக்கலாமே" என்றார். நாங்கள் வீட்டைக் காலி செய்துவிட்டு மறுபடி ஒண்டுக் குடித்தனத்துக்குப் போனோம். கம்பவுண்டர் அசையவில்லை. "உம் பாவத்த நீ கழுவிக்கோ சார். என் வூட்ட ஏன் இழுக்குற?" என்றார். என் பாதியில் மட்டும் கட்டில்கள் திரும்பின.

மார்கழியில் சைக்கிளை எடுத்துக்கொண்டு சிங்கவரம் போனேன். அந்தப் பெண்ணின் புருஷன் விதைக்கு மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தான். உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே என் பொய்யைச் சொன்னேன். வார்டு திறந்துவிட்டது, ஊரில் எல்லோருக்கும் சொல்லுங்கள் என்றும் சொன்னேன். உள்ளே அவள் இருந்தாள், வெளியே வரவில்லை.

அவன் உரிப்பதை நிறுத்தவில்லை. "காலியா இருக்குதுன்னு நீதான சார் சொன்ன? காலியாவே இருக்கட்டும்."

சித்திரையில் அறுவடை முடிந்தது. பாயும் சட்டியுமாக ஜனங்கள் ஆஸ்பத்திரி வாசலைக் கடந்து திண்டிவனம் பஸ்ஸுக்குப் போனார்கள். வாசலில் நின்று கூப்பிட்டுப் பார்த்தேன். ஒரு கிழவர் மட்டும் திரும்பிப் பார்த்துவிட்டு நடந்தார். அந்த வாரங்களில் பதிவேட்டில் எழுத எனக்கு ஒரு பெயரும் இல்லை.