குசினித் தொலைபேசி

தொலைபேசி மணி ஒருமுறை அடித்தது. அடித்த வேகத்திலேயே நின்றும் போனது. முன்ஸிர் திரையைப் பார்த்தபடி கதிரையில் சாய்ந்தான். முதுகு வலித்தது. கொழும்போடு இணைப்பு இன்னும் வரவில்லை. மோடத்தை மாற்றியாயிற்று, வயரை மாற்றியாயிற்று, அமைப்புகளை அழித்துப் புதிதாகப் போட்டும் பார்த்தாயிற்று.

தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது முல்லைத்தீவிலிருந்து புத்தளத்துக்குப் போக நேர்ந்தவன் அவன். அங்கே ஒரு ரேடியோக் கடையில் ஈயம் உருக்கப் பழகி, பழுதான கணினிகளைக் கழற்றிப் பூட்டியே தொழிலைக் கற்றான். போர்நிறுத்தத்தில் பாதை திறந்த பின் வவுனியாவுக்கு வந்து, ஒரு நிவாரண நிறுவனத்தின் வன்னிக் கிளைகளுக்கு இணைப்புப் போடும் வேலையில் குடும்பத்தை ஓட்டுகிறான். காலையில்தான் கொழும்பிலிருந்து சொல்லியிருந்தார்கள்: நாளைக்குள் இந்த வவுனியாக் கிளை சரிவராவிட்டால் எல்லாக் கிளைகளையும் கொழும்புக் கொம்பனி ஒன்றுக்குக் கொடுத்துவிடுவார்களாம்.

இங்கிருந்து அழைத்தால் தலைமை அலுவலகக் கணினி பெயரையும் கடவுச்சொல்லையும் வாங்கிக்கொண்டு அழைப்பைத் துண்டிக்கும். பிறகு தன்னிடம் பதிந்துள்ள இலக்கத்துக்குத் தானே திரும்ப அழைக்கும். கடவுச்சொல்லைத் திருடியவன் வேறெங்கிருந்து அழைத்தாலும் மணி இங்கேதான் அடிக்கும். நல்ல காவல்தான். ஆனால் அந்த மணியை மோடம் எடுக்க வேண்டுமே!

மீண்டும் அழைத்துவிட்டு, தண்ணீர் கேட்க வீட்டின் பின்பக்கம் போனான். அலுவலகம் இருந்தது வாடகைக்கு எடுத்த முன்பாதியில். பின்பாதியில் வீட்டுக்காரி இரஞ்சிதம் தனியாக இருந்தா. மணி அடித்தது. குசினிச் சுவரில் இருந்த தொலைபேசியை அகப்பைக் கையோடு பாய்ந்து எடுத்தா.

"ஹலோ! சுஜிதன்! ராசா!" பிறகு முகம் சுளித்து வைத்தா. "உந்தச் சனியன் கீக் கீக் எண்டுது, தம்பி. உங்கட பெட்டி வந்த நாள் துடக்கம் இதுதான்."

முன்ஸிர் சுவரோடு போன வயரைப் பார்த்தான். ஒரே லைன், இரண்டு கிளை; மோடம் எடுக்குமுன் இவ எடுத்துவிடுகிறா. குசினி வயரை வெட்டக் கை தானாகக் குறட்டைத் தேடியது.

"வெட்டப் போறியோ? வெட்டு. அப்பிடியே கொஞ்சம் நஞ்சும் வாங்கித் தந்திட்டுப் போ."

"இல்லையக்கா. எங்கட மணி எண்டு நான் கத்தினா எடுக்காம இருப்பீங்களோ?"

"இருப்பன். அந்த நேரம் பாத்து என்ர மகன் கோல் எடுத்தா? உன்ர மெசின் அவன்ர காதுக்குள்ள கத்தும். அவன் மாசத்தில ஒருக்கா எடுத்தாலே பெரிய காரியம்."

முன்ஸிர் போய் வாசற்படியில் இருந்தான். இரஞ்சிதம் பிளேன்ரீ கொண்டுவந்து வைத்தா. பாதி குடித்த பிறகு கேட்டான்:

"மகன் எத்தினை மணிக்கு நித்திரைக்குப் போவார்?"

"சுவிஸில இருக்கிறவன்ர நித்திரை உனக்கேன்?"

"சொல்லுங்கோவன்."

"வெள்ளன வேலை. பத்துக்கே படுத்திடுவான். இடி விழுந்தாலும் எழும்பான்."

"இங்க விடியேக்க அங்க சாமம். சுபஹ் தொழுதிட்டு வாறன். மகன் எடுக்காத நேரம்; அப்ப கொழும்பை எடுப்பம்."

"ஒவ்வொரு நாளுமோ?"

"ஓம்." அதைச் சொன்னதுமே களைப்பு வந்தது. விடியற்காலையில் தரவு அனுப்ப எந்தக் கிளாக்கர் வருவார்? வேலை நிலைத்தால் இதுவும் அவன் தலையில்தான்.

மறுநாள் பனிக்குள் சைக்கிள் மிதித்து வந்தான். கதவைத் திறந்த இரஞ்சிதம் அங்கேயே கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றா. அழைத்தான், துண்டித்தது. மணி அடித்தது. அவவின் தோள் ஒருமுறை துள்ளியது; கை நிலையை விடவில்லை. மணி நின்றது. திரையில் இணைப்பு வந்தது.

"அவன் இல்லைத்தானே?"

"இல்லையக்கா, கொழும்பு."

"உனக்கெப்பிடித் தெரியும்? ஒரு சத்தமும் கேக்கேல்லையே."

மோடத்தின் ஒலியை அவன் எங்கும் அடைத்தே வைப்பான். அவவின் முகத்தைப் பார்த்தான். பிறகு, அவ்வளவு பாடுபட்டு வந்த இணைப்பைத் தானே துண்டித்து, ஒலியை முழுதாகத் திறந்துவிட்டு மறுபடி அழைத்தான். மணிக்குப் பின் மோடம் வீடெல்லாம் கேட்கக் கீச்சிட்டது.

"ஓம், அது மெசின்தான்," என்று நிலையை விட்டுவிட்டு இரஞ்சிதம் அடுப்பு மூட்டப் போனா.

தரவு போய் முடியும் வரை முன்ஸிர் மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டான்.